ஓம் சொல்லியே கவிழ்த்தவர்

அக்கா யாரையும் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. யார் வந்து எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கேட்டவரின் ஆசை தனக்கும் நெடுநாளாக இருந்துவந்த ஆசைதான் என்பதுபோல முகம் மலர்ந்து சொல்வார். பிறகு ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சுக்குப் பின்னால் "அப்ப..." என்று ஒரு கேள்வி வரும். அவரோடு பழகியவர்கள் ஓமைக் கேட்டு மகிழ்ந்துவிட மாட்டார்கள். அந்த அப்பவுக்காகக் காத்திருப்பார்கள்.

எனக்கு அது தெரியாமல்தான் அவருடைய அலுவலகத்துக்கு வேலை கேட்டு நேர்முகத்துக்குப் போனேன். அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட்டில், ஒரு புடவைக் கடையின் மாடியில் ஒற்றை அறை. வேகமாகப் பெருகும் நகரங்கள் எந்தப் பக்கம் வளர வேண்டும், எந்த இடத்தை விட்டுவைக்க வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது அங்கே வேலை. அக்கா யாழ்ப்பாணத்தில் பிறந்து, டென்மார்க்கில் வளர்ந்து, அங்கேயே நகரத் திட்டம் படித்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். நான் தமிழ்நாட்டிலிருந்து உதவித்தொகையில் வந்து அதே படிப்பை முடித்தவள். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை செய்பவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் உள்ளே போன முதல் ஆள் நான். அதனால் நாற்காலியில் உட்கார்ந்ததுமே, அவர் எதுவும் கேட்பதற்கு முன், சொல்லிவிட்டேன்.

"அக்கா, முதல்லயே சொல்லிடறேன். பொண்ணுங்கறதுக்காக என்னை டீ போடச் சொல்லக் கூடாது. நான் போட மாட்டேன்."

"ஓம், போட வேண்டாம்." மூச்சு. "அப்ப, இந்த அறையிலை ஆர் தேத்தண்ணி போடுறது எண்டதை நீரே முடிவெடும். நகரமே திட்டமிடப் படிச்சனீர் தானே."

வேலை கிடைத்த முதல் நாளே முடிவெடுத்தேன். காலையில் யார் முதலில் வருகிறாரோ அவர் போட வேண்டும். ஆண் பெண் கிடையாது, பெரியவர் சின்னவர் கிடையாது. இதைவிட நியாயமான விதியை யாரும் எழுத முடியாது என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. அங்கே இருந்தது மூன்று பேர்தான். கணினியில் வரைபடம் போடும் ஒலிவர் தேம்ஸின் அந்தக் கரையிலிருந்து வர வேண்டும். அக்கா மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு சைக்கிளில் வருவார். நான் பிளேஸ்டோவில் வாடகை அறையில் இருந்தேன். கூப்பிடு தூரம். தினமும் நான்தான் முதலில் வந்தேன்.

ஒரு நாள் வேண்டுமென்றே பஸ் ஸ்டாப்பில் நின்று நேரம் கடத்தினேன். பிறகு மெதுவாக நடந்து வந்தால், எங்கள் வாசலுக்கு எதிர்ச் சாரியில் இருந்த காய்கறிக் கடையில் அக்கா நின்றார். ஒரு கையில் சைக்கிள். இன்னொரு கையால் வெண்டைக்காய் ஒவ்வொன்றாக நுனி முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் எங்கள் கதவில். என்னைக் கண்டதும் வெண்டைக்காயை ஆட்டிக் காட்டினார். நான் மேலே போய் அடுப்பைப் போட்டேன். அவருக்கு வெறும் தேத்தண்ணி போதும். பேனா வைக்கிற இழுப்பறையில் பனங்கட்டி, அதாவது கருப்பட்டி, வைத்திருப்பார், கடித்துக்கொண்டு குடிப்பார்.

ஆள் குள்ளம். சைக்கிள் தொப்பி கைப்பையில் எப்போதும் தொங்கும். கல்யாண வீட்டுக்குப் போகும்போது பட்டுச் சேலையின் மேல் டேனிஷ் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில்தான் போவார். கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டுப்பொட்டுகள் வரிசையாக இருக்கும். வேலையில் சிக்கல் என்றால் ஒரு பொட்டை எடுத்து வேறிடத்தில் ஒட்டுவார். நாங்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வோம்.

கீழே புடவைக் கடை வைத்திருந்த அண்ணை பிரான்சிலிருந்து வந்தவர். கடைக்குள் இடம் போதாமல் ஒரு நாள் மேலே வந்தார்.

"அக்கா, உந்தப் படியிலை ரெண்டு பெட்டி வைக்கட்டே?"

"ஓம் அண்ணை, தாராளமாய் வையுங்கோ." மூச்சு. "அப்ப, எங்களிட்டை ஆக்கள் வரேக்கை நீங்கள் தான் கையைப் பிடிச்சு ஏத்தி விடோணும். இடறி விழுந்தால் எனக்கும் கூடாது, உங்களுக்கும் கூடாது."

அண்ணை ஒரு வாரத்தில் பெட்டியை எடுத்துவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் எடுக்கவில்லை. வருகிறவர்களைக் கையைப் பிடித்து ஏற்றுகிற சாக்கில் பெட்டியைத் திறந்து புடவை காட்டத் தொடங்கினார். வீதிப் போக்குவரத்துப் பற்றிப் பேச வந்த ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் இளநீலக் காட்டன் சேலை ஒன்றுடன் மேலே வந்து சேர்ந்தார். அக்காவுக்கு அதில் அளவில்லாத சந்தோஷம். தன் கேள்விக்கு மற்றவர் சரியான பதிலோடு வந்துவிட்டால் அவர் தோற்றதாக நினைப்பதே இல்லை.

எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் அக்கா வரவேற்புப் பொறுப்பில் இருந்தார், நானும் கூட இருந்தேன். கழுத்தில் கயிறு போலச் சங்கிலி போட்ட ஒருவர், தன் ஆட்கள் எல்லாருக்கும் முன்வரிசைதான் வேண்டும் என்று நின்றார். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒதுக்கிய இடம் அது.

"ஓம் அண்ணை, உங்களுக்கில்லாத இடமே? இருங்கோ." மூச்சு. "அப்ப சாப்பாட்டுக்குத்தான் கொஞ்சம் பிந்தும். கதவு பின்னாலை. பின்னுக்கு இருக்கிறவை முதல் பந்தியிலை இருந்திடுவினம். பரவாயில்லைத் தானே?"

தாலி கட்டும்போது நான் திரும்பிப் பார்த்தேன். அந்தக் குடும்பம் முழுவதும் கடைசி வரிசையில், சாப்பாட்டு அறைக் கதவோடு ஒட்டி, மிகவும் பணிவாக உட்கார்ந்திருந்தது.

அக்காவின் மகள்தான் பாவம். பதினாறு வயது. ஒரு நாள் அலுவலகத்துக்கே வந்து, தோளில் பச்சை குத்தப் போவதாகச் சொன்னாள். சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"ஓம், வடிவாய் இருக்கும்," என்றார் அக்கா. மூச்சு. "அப்ப ரெண்டு பேருமாய்ப் போவம். எனக்கும் அதே இடத்திலை அதே படம்."

மகள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். "அம்மா, ப்ளீஸ். ஒருக்கா, ஜஸ்ட் ஒருக்கா நோ சொல்லுங்கோ. என்ர பிரெண்ட்ஸிட அம்மாமார் எல்லாம் நோ சொல்லினம்."

"ஓம், சொல்லுறன்," என்றார் அக்கா. கடைசிவரை சொல்லவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் சாம்பியாவின் அந்த நகரம் வந்து சேர்ந்தது. பக்கத்தில் செப்புச் சுரங்கம். வேலை தேடி நாலா பக்கமிருந்தும் ஜனம் வந்துகொண்டிருந்தது. வீடுகள் முதலில் முளைத்தன, வீதி பிறகு இடம் தேடியது. நகரத்தின் நடுவே ஒரு தாழ்நிலம் கிடந்தது. அந்த ஊரில் அதை டாம்போ என்பார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். மற்ற மாதங்களில் ஈரம் காயாது. பெண்கள் பாத்தி கட்டிக் கோசும் கீரையும் போடுவார்கள். நான் வரைந்த திட்டத்தில் எல்லாவற்றுக்கும் முன் அந்த இடத்தைத்தான் பச்சை அடித்தேன். எந்தக் கட்டடமும் அதில் வரக் கூடாது. நகரம் எவ்வளவு வளர்ந்தாலும் மழைத்தண்ணீருக்கு ஓர் இருப்பிடம் வேண்டும்.

செயற்கைக்கோள் படத்தில் அந்த நிலத்தின் ஓரமாகக் கரும்புள்ளிகள் தெரிந்தன. ஒலிவர் அவை மேகநிழல் என்றார். நான் செங்கல் சூளை என்றேன். அந்த நகரத்தின் திட்ட அதிகாரி முட்டாலே என்ற பெண். என் வயதுதான் இருக்கும். தொலைபேசியில் கேட்டோம். சூளைதான் என்றார். ஒரு வாரம் நான் ஒலிவரை இரக்கத்தோடு பார்த்தேன்.

அந்த வாரமே நகரத் தலைவர் திரையில் தோன்றினார். பெரிய உருவம், நல்ல கோட்டு, நல்ல சிரிப்பு. அந்தத் தாழ்நிலத்தில் மண் கொட்டி மேடாக்கி 'ஏரி நகரம்' கட்டப்போவதாகச் சொன்னார். கோபுரங்கள், கடைத்தொகுதி, நடுவில் கொஞ்சம் தண்ணீர், அதில் படகு. ஊரில் அறிவித்தும் விட்டாராம். முட்டாலே அவருக்குப் பின்னால் ஒரு கோப்பினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கண் தரையில்.

"ஓம்," என்றார் அக்கா, ஆங்கிலத்தில், அதே தலைச்சாய்ப்போடு. "ஏரி நகரம் நல்ல யோசனை. நீங்கள் ஒருக்கா லண்டனுக்கு வாங்கோ, எங்கை வைக்கிறதெண்டு சேர்ந்து பாப்பம்."

பேச்சு முடிந்த சற்று நேரத்தில் முட்டாலே என்னைத் தனியாக அழைத்தார். தாழ்நிலத்தின் கீழ்ப்பக்கச் சரிவில்தான் அவருடைய அம்மாவின் வீடு. தாழ்நிலத்தை அடைத்தால் மழைத்தண்ணீர் போகும் வழியில் முதலில் நிற்பது அந்த வீடும் அதையொட்டிய நூற்றுக்கணக்கான வீடுகளும். தலைவரை எதிர்த்து அவரால் பேச முடியாது. பேசினால் அடுத்த வாரம் வேறு ஊரில் இருப்பார். "உங்கள் அக்கா தடுப்பார் என்று நம்பியிருந்தேன். ஏன் சரி என்றார்?" என்று கேட்டார்.

நான் நேராக அக்காவிடம் போனேன். "அக்கா, அவரு கேட்டதுக்கு ஓம்னுட்டீங்க."

"ஓம் எண்டனான்."

"அது பள்ளமான எடம். தண்ணி எங்க போகும்?"

"அதை அவர் தான் சொல்லோணும். அவரின்ரை ஏரி." திரையிலிருந்து ஒரு பொட்டை எடுத்து வேறிடத்தில் ஒட்டினார். "அவர் வரேக்கை காட்டுறதுக்கு அந்த நிலம் வேணும் பிள்ளை. மேடு பள்ளத்தோடை. நீர் களிமண்ணிலை செய்து தருவீரோ?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்க வீட்ல தலைமுறை தலைமுறையா மண்ணு மிதிச்சாங்க. நான் மிதிக்கக் கூடாதுன்னுதான் படிக்க வச்சாங்க. நான் செய்ய மாட்டேன்க்கா."

"ஓம், செய்ய வேண்டாம்." மூச்சு. "அப்ப, ஒலிவர், உங்களுக்கு ஏலுமோ?"

ஒலிவருக்கு ஏலவில்லை. ஆனால் அது அவருக்குத் தெரியாது. களிமண்ணில் தண்ணீரை விட்டார், இன்னும் விட்டார், அளவுகோலால் தட்டினார். நகரத்தின் வடக்கு மேடு ஆறிப்போன களி போலச் சரிந்து கிடந்தது. மணல் கலக்காமல் களிமண் நிற்குமா? வெடித்தது. வெடிப்பின் மேல் தண்ணீர் தெளித்தார். நான் என் திரையைப் பார்த்தேன். பிறகு அவர் கையைப் பார்த்தேன். மதியச் சாப்பாடுவரைதான் பொறுக்க முடிந்தது.

"தள்ளுங்க," என்றேன் தமிழிலேயே. அவர் தள்ளிக்கொண்டார்.

மணல் கலந்து, பிசைந்து, அறைந்து, ஓரம் வெட்டி, எண்ணெய் தடவினேன். மேடு மேடாக நின்றது, பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. கீழ்ச்சரிவில் விரல்நுனி அளவில் வீடுகள் வைத்தேன். அக்கா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது போல இருந்தது, இருமலாக இருக்கலாம். படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "வெளிநாடு போயும் சூளைதானாடி?" என்று குரல் செய்தி வந்தது. சற்று நேரம் கழித்து இன்னொன்று: "ஓரம் நல்லா வந்திருக்கு."

தலைவர் வந்த அன்று மேசைக்கடியில் பிளாஸ்டிக் விரிக்கப் போனேன். "வேண்டாம், அறை வடிவாய் இருக்கட்டும்," என்று அக்கா தடுத்துவிட்டார். புடவைக் கடை அண்ணை தலைவரையும் முட்டாலேயையும் கையைப் பிடித்து ஏற்றிவந்தார். களிமண் நகரத்தைக் கண்டதும் முட்டாலே தன்னை மறந்து குனிந்து, கீழ்ச்சரிவில் ஒரு சின்ன வீட்டைத் தொட்டு, "இது எங்கள் அம்மா வீடு," என்றார். உடனே கையை எடுத்துக்கொண்டார்.

அக்கா மிச்சக் களிமண்ணையும், மகள் சின்ன வயதில் விளையாடிய பிளாஸ்டிக் கட்டைகளையும் தலைவரிடம் கொடுத்தார். "ஏரி நகரத்தை நீங்களே கட்டுங்கோ."

தலைவர் கோட்டைக் கழற்றினார். பள்ளத்தில் மண்ணை வைத்து அழுத்தி மேடாக்கினார். அதன்மேல் கோபுரங்கள் நட்டார். தள்ளி நின்று பார்த்தார். உள்ளபடியே அழகாகத்தான் இருந்தது. முட்டாலேயிடம் சொல்லிப் படமெடுத்துக்கொண்டார்.

"வடிவாய் இருக்கு," என்றார் அக்கா. மூச்சு. "அப்ப, மழைக்காலம்." மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு பூவாளியை எடுத்து நீட்டினார். கழுத்துவரை தண்ணீர்.

"நானா மழை?" என்றார் தலைவர்.

"உங்கட நகரம் தானே."

அவர் சிரித்துக்கொண்டே பூவாளியை வாங்கினார். தாராளமானவர், எதையும் குறைத்துச் செய்யும் பழக்கமில்லை. வடக்கு மேட்டிலிருந்து தொடங்கிப் பெய்தார். தண்ணீர் சரிவில் இறங்கி, வழக்கமாகத் தங்கும் பள்ளத்தைத் தேடி வந்து, அங்கே மேட்டைக் கண்டு நின்றது. ஒரு கணம் யோசிப்பதுபோல நின்றது. பிறகு இரண்டு பக்கமும் பிரிந்து கீழ்ச்சரிவில் பாய்ந்தது. என் விரல்நுனி வீடுகள் ஒவ்வொன்றாகப் புரண்டன. முட்டாலே தொட்ட வீடு மேசை விளிம்புக்கு வந்து தரையில் விழுந்தது. தண்ணீரும் பின்னாலேயே விழுந்தது. எங்கள் தரை பழைய பலகைத் தரை. இடுக்கு வழியாக அது இறங்கிப் போனதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

படியில் தடதடவென்று சத்தம். அண்ணை கையில் ஒரு கூறைச்சேலையோடு வந்து நின்றார். முந்தானை சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, மேலை குழாய் உடைஞ்சிட்டுதோ? நாளைக்குக் கட்டுற கூறை, கடவுளே."

"குழாய் இல்லை அண்ணை. சாம்பியாவிலை மழை."

அண்ணை மேசையைப் பார்த்தார். பூவாளியைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். "இவர் ஆர்?"

"இவர் மேலையிருந்து ஊத்தினவர். நீங்கள் கீழை இருக்கிறவர். ரெண்டு பேரும் கதையுங்கோ." அக்கா உட்கார்ந்து ஒரு பனங்கட்டியை எடுத்துக் கடித்தார்.

அண்ணை பாதி ஆங்கிலத்திலும் பாதி பிரெஞ்சிலும் கதைத்தார். அவர் ஒருவருக்கும் ஒரு கரைச்சலும் கொடுத்ததில்லை. தன் பாட்டில் கீழே இருந்தவர். மேலே விளையாடுகிறவர்கள் கீழே ஆளிருக்கிறது என்று ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தார்களா? தலைவர் பூவாளியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். "உண்மையில் நினைக்கவில்லை, மன்னிக்க வேண்டும்," என்றார். அப்போது ஒரு சத்தம் கேட்டது. முட்டாலே கோப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

தலைவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் முட்டாளல்ல. முட்டாளால் அந்த நாற்காலிக்கு வந்திருக்க முடியாது. "இவரைப் போல நம் ஊரில் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

முட்டாலே சிரிப்பை நிறுத்தினார். அவ்வளவு காலம் கட்டிப்பிடித்திருந்த கோப்பைத் திறந்து, தெருத் தெருவாகச் சொன்னார். அண்ணைகூடச் சேலையைப் பிழிவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இவ்வளவு பேரும் வாக்களிக்கிறவர்கள்," என்றார் தலைவர் கடைசியில். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஆனால் ஒன்று. நான் ஏரி வருகிறது என்று அறிவித்துவிட்டேன். ஏரி இல்லாமல் நான் ஊர் திரும்ப முடியாது."

"ஓம், ஏரி கட்டாயம் வேணும்," என்றார் அக்கா. மூச்சு. "அப்ப, மழைக்கு அங்கை தானாய் வந்து நிக்கிற தண்ணிக்கு உங்கட பேரை வைச்சால் என்ன?"

தலைவர் அறை அதிரச் சிரித்தார். தாழ்நிலம் தாழ்நிலமாகவே தப்பியது. திட்டத்தில் அதற்கு அவர் பெயரால் ஏரி என்று பெயர். கோபுரங்கள் பஸ் நிலையத்துப் பக்கம் மேட்டுக்குப் போயின. விருந்தினர்களை ஜனவரியில் மட்டும் அழைத்துக் காட்டிக்கொள்வதாகச் சொன்னார். மற்ற மாதங்களில் ஏரியில் கோசு விளையும்.

போகிற போக்கில் ஓர் அகல வீதியும் கேட்டார். அக்கா ஓம் சொல்லி, அப்ப பஸ்ஸுக்கென்று தனித் தடம் எங்கே என்று கேட்டார். அவர் தயாராக இருந்தார். இடது ஓரம் முழுக்க பஸ்ஸுக்கு என்றார். அந்த வீதியில் நான் ஆசை ஆசையாக வரைந்த மரவரிசை அதில் போயிற்று. "ரெண்டு நாளைக்கு உங்ககூடப் பேச மாட்டேன்," என்றேன் அக்காவிடம். "ஓம், கதைக்க வேண்டாம்," என்றார். "அப்ப எழுதிக் காட்டும்."

வீடுகள் வருவதற்கு முன்பே வீதிகளுக்கான இடத்தை அளந்து, இரு பக்கமும் மரம் நட்டு அடையாளம் செய்ய வேண்டும். அதுதான் திட்டத்தின் முதல் வேலை. சில வாரங்களில் முட்டாலே என்னை அதற்குக் கூப்பிட்டார். எனக்குப் போக வேண்டும்தான். நான் வரைந்த கோட்டின் மேல் நான் நடந்து பார்க்க வேண்டும். ஆனால் அக்காவிடம் சொல்ல வேண்டுமே. அவர் கேட்கக்கூடிய அப்ப ஒவ்வொன்றையும் யோசித்தேன். அப்ப இங்கத்தை வேலையை ஆர் முடிக்கிறது? அப்ப விசா? அப்ப அம்மாவுக்கு என்ன சொன்னீர்? எல்லாவற்றுக்கும் பதில் மனப்பாடம் செய்துகொண்டு போய் நின்றேன்.

"அக்கா, நான் சாம்பியாவுக்குப் போறேன்."

"ஓம், போம்."

மூச்சு விட்டார். காத்திருந்தேன். அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அக்கா?"

"என்ன பிள்ளை?"

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"என்னத்தைக் கேக்க? போம் எண்டுறன்."

நான் வெளியே வந்து படியில் புடவைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். படியில் பெட்டி வைக்க வந்தவருக்கு ஒரு கேள்வி, சங்கிலிக்காரருக்கு ஒரு கேள்வி, நகரத் தலைவருக்கு ஒரு பூவாளி. எனக்கு ஒன்றுமில்லை. அவ்வளவு லேசானவளா நான்? அண்ணை எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, அழுறீரோ?" என்று கேட்டார். பெட்டித் தூசி என்றேன்.

அந்த அறையில் இப்போது புருவம் திருத்தும் கடை இருக்கிறது. அக்கா மகளின் படிப்பு முடிந்ததும் டென்மார்க்குக்கே திரும்பிவிட்டார். கிரீன் ஸ்ட்ரீட்டில் எப்போது நடந்தாலும் நான் அந்தப் படியைப் பார்ப்பேன். அன்று அதில் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்ற வருத்தம் ஒரே ஓர் இரவுதான் நீடித்தது. மறுநாளே முட்டாலே தொலைபேசியில் வந்தார்.

"உங்கள் அக்கா எப்போதோ சம்மதித்துவிட்டாரே," என்றார். "உங்கள் மேசையில் வெள்ளம் வந்த அன்றைக்கே கேட்டேன். உடனே சரி என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் ஏற்பாடு செய்யத்தான் எனக்கு இத்தனை வாரம் ஆயிற்று."

"என்ன கேள்வி?"

"'அவள் தேநீர் போட மாட்டாள். அப்படியானால் உங்கள் அலுவலகத்தில் யார் போடுவது?'"

நான் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"கவலைப்பட வேண்டாம்," என்றார் முட்டாலே. குரலில் பெருமை. "நாங்கள் மிக நியாயமான ஒரு விதி வைத்துவிட்டோம். காலையில் யார் முதலில் வருகிறாரோ அவர்தான் போட வேண்டும். உங்களுக்கு வீடும் பார்த்துவிட்டேன். அதைக்கூட உங்கள் அக்காதான் சொன்னார். அலுவலகத்துக்கு நேர் எதிரில்."